கண்ணாடிக்குள் போன வயலின்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கிரெமோனாவின் கிழவர்கள் எல்லாரும் நேரே பாருக்குப் போவார்கள். ஒரெஸ்தே மட்டும் நகரக் கூடத்துக்குப் போவார். மூச்சு வாங்க மாடியேறி, கோடி அறையில் இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். பெட்டிக்குள் இருந்தது அவர் செய்த வயலின். கீழே பித்தளைத் தகட்டில் அவர் பெயரும், முதல் பரிசு என்ற வார்த்தையும், அவர் தலையில் முடி இருந்த காலத்து வருஷம் ஒன்றும் பொறித்திருக்கும்.

கிரெமோனாவில் வயலின் செய்கிறவன் மேல் இடித்துக்கொள்ளாமல் ஒரு தெருவைக் கடக்க முடியாது. அத்தனை பேரும் ஏங்கிக் கிடப்பது அந்தக் கண்ணாடிக்காகத்தான். போட்டியில் முதலாவது வந்த வயலினை நகரமே வாங்கிக் கண்ணாடிக்குள் வைத்துவிடும், வைத்ததை வெளியே எடுக்காது. செய்தவனுக்கு அதைவிடப் பெரிய மரியாதை இல்லை என்பது ஊரின் ஒருமித்த கருத்து. வயலினின் கருத்து என்ன என்று மட்டும் யாரும் விசாரித்ததில்லை.

புது வயலின் என்பது புதுச் செருப்பு மாதிரி. எவ்வளவு நல்ல தோலாக இருந்தாலும் போட்டு நடந்தால்தான் பழகும். வருஷக்கணக்கில் ஒருவர் தாடையின் கீழ் இருந்து, மரம் அதிர்ந்து அதிர்ந்து பழகிய பிறகுதான் அதன் குரல் திறக்கும். ஒரெஸ்தேயின் வயலினைப் பரிசளித்த அன்று மாலை ஒருவர் அரை மணி நேரம் வாசித்தார். ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். மறுநாள் கண்ணாடி மூடியது. பிறகு அதன் தந்தியை யாரும் தொடவில்லை.

முதல் பத்து வருஷம் ஒரெஸ்தே அந்த மாடியை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஏறினார். அப்புறம் எப்போதோ, தான் பெருமைப்பட வரவில்லை, ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்க வருகிற மாதிரி வருகிறோம் என்று அவருக்கே பட்டுவிட்டது.

பாரில் அவருக்காக நேவியோ காத்திருப்பார். அதே போட்டியில் இரண்டாவது வந்தவர். இருவரும் இளவட்டங்களாக ஒன்றாக மலைக்குப் போய், ஒரே மரத்தைப் பேரம் பேசி வாங்கி, நடுவில் பிளந்து பங்கு போட்டுக்கொண்டவர்கள். ஒரு பாதி கண்ணாடிக்குள் போனது. மறுபாதியை, தோற்ற வயலின் என்பதால் மலிவாகக் கிடைக்கிறதே என்று, டெல்ஃபினா என்ற இசைக்குழுக்காரி வாங்கிக்கொண்டாள். அது அவளோடு ஓப்பெரா அரங்குகளில் மேடைக்குக் கீழே வாத்தியக்காரர்கள் உட்காரும் பள்ளத்தில் உட்கார்ந்தது, கல்யாணங்களுக்கும் சாவுகளுக்கும் போனது, ஒரு தடவை அதன் மேல் ஒயின்கூடக் கொட்டியது. இப்போது அதன் குரலைக் கேட்டால் தெருவில் போகிறவன் சைக்கிளிலிருந்து காலை ஊன்றிக்கொண்டு நின்றுவிடுவான்.

"என்னடா, போய் உம்புள்ளையப் பாத்தியா? எந்திரிச்சானா?" என்பார் நேவியோ.

"கண்ணாடியைத் தொடச்சிருந்தாங்க."

"பெரிய கோயில் நிலவறையில ஹோமோபோனோ சாமியும்தான் கண்ணாடிப் பெட்டிக்குள்ள படுத்திருக்காரு. அவரையும்தான் தொடைக்கிறாங்க. எந்திரிச்சு வந்து எனக்கு ஒரு கிளாஸ் ஊத்தினதா நான் கேள்விப்படல."

"வயித்தெரிச்சல்டா உனக்கு."

"ஆமா, வயித்தெரிச்சல்தான். ஜெயிச்சவன் மூஞ்சியைக் கண்ணாடியில போய்ப் பாரு, தெரியும் யாருக்கு எரியுதுன்னு."

ஒரெஸ்தேக்கு எரியத்தான் செய்தது. போன இலையுதிர் காலத்தில் டாக்டர் அவருடைய இதயத்தின் வால்வு ஒன்றைப் பற்றி நிதானமாக விளக்கினார். இந்த வயதில் நெஞ்சைத் திறக்க முடியாது என்றார். கோடையில் என்ன செய்யலாம், என்ன சாப்பிடலாம் என்றெல்லாம் சொன்னவர், அதற்கடுத்த குளிர்காலத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அவருக்குச் சாவைப் பற்றிப் பெரிய புகார் ஒன்றும் இல்லை. ஒரே ஒரு ஆசைதான். கண்ணை மூடுவதற்குள் அந்த வயலின் தன் சொந்தக் குரலில் பேசிக் கேட்டுவிட வேண்டும். அதற்காகக் கூடத்தின் பொறுப்பில் இருந்தவர்களிடம் ஒருவர் மாற்றி ஒருவராகக் கேட்டுப் பார்த்திருந்தார். எல்லாரும் நாற்காலி போட்டு உட்கார வைத்து, காபி கொடுத்து, முடியாது என்றார்கள்.

இப்போது பொறுப்பில் இருந்த மிரெல்லா அவர் தெருவிலேயே வளர்ந்தவள். மரச்சுருள் பொறுக்க அவர் பட்டறை வாசலுக்கு வந்தவள். அவளும் முடியாது என்றுதான் சொன்னாள். ஆனால் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜனவரியில், ஊருக்குப் பக்கத்தில் ஓடும் போ நதியிலிருந்து பனிமூட்டம் ஏறி வந்து ஊரைப் போர்த்திக்கொண்டது. எதிர்வீடு தெரியவில்லை. கூடத்தில் ஹீட்டரைக் கூட்டினார்கள். ஒரு நாள் காலையில் மிரெல்லா போன் செய்தாள்.

"மாஸ்டர், பதறாதீங்க. உக்காந்துக்கிட்டீங்களா?"

"நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன். சொல்லும்மா."

"உங்க வயலின்ல ஒட்டு விட்டிருக்கு. கீழ, இடது பக்கம். மேற்பலகைக்கும் பக்கப்பட்டைக்கும் நடுவுல ஒரு காகிதம் நுழையுற அளவுக்கு."

"அடடா," என்றார் ஒரெஸ்தே. அந்த அடடாவில் துக்கத்தை வரவழைக்க அவர் படாத பாடுபட்டார்.

வெளியூர்க்காரனுக்கு இது விபத்து. கிரெமோனாக்காரனுக்கு இது நல்ல வேலைக்கு அடையாளம். மேற்பலகையை அவர்கள் வஜ்ஜிரப் பசையைத் தண்ணீர் விட்டு இளக்கமாகக் காய்ச்சித்தான் ஒட்டுவார்கள். ஹீட்டர் சூட்டில் காற்று காய்ந்து மரம் சுருங்கும்போது ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். பசை விட்டுக்கொடுத்தால் மரம் பிழைக்கும், பசை விறைப்பாக நின்றால் மரம் பிளக்கும். எவ்வளவு இளக்கம் என்பதில்தான் ஒருவனுடைய கை தெரியும். நாற்பது, ஐம்பது வருஷம் பிடித்துக்கொண்டிருந்து, சரியான நேரத்தில் விட்டுக்கொடுத்தால் அவன் மாஸ்டர். நாலு மாதத்தில் விட்டால் அவனை ஊரில் எல்லாரும் தண்ணிக்காரன் என்பார்கள். அந்தப் பெயர் வந்துவிட்டால் அவனிடம் யாரும் ஒரு நாற்காலிக் காலைக்கூட ஒட்டக் கொடுக்க மாட்டார்கள்.

செய்தவர் உயிரோடு இருந்தால் பழுதை அவர்தான் தன் பட்டறையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது கூடத்தின் விதி. ஒட்டிய பிறகு தந்தி ஏற்றி, வாசித்து, ஒட்டில் இரைச்சல் எதுவும் இல்லை என்று சோதித்துத் திருப்பித் தர வேண்டும். மிரெல்லா வயலினைப் பெட்டியோடு கையில் தூக்கிக்கொண்டு பனிக்குள் நடந்து வந்தாள்.

"எவ்வளவு நாள் ஆகும் மாஸ்டர்?"

வஜ்ஜிரம் ஒரு ராத்திரியில் காய்ந்துவிடும். அது அந்த ஊரில் ரொட்டிக்காரனுக்குக்கூடத் தெரியும்.

"பனி பாத்தியா எப்படிக் கொட்டுதுன்னு," என்றார் ஒரெஸ்தே. "ஈரக்காத்து. பசை காய நாளாகும்."

"எவ்வளவு நாள்னு கேட்டேன்."

"பனி விலகட்டும்மா."

மிரெல்லா ஜன்னலைப் பார்த்தாள். அந்தப் பனி பிப்ரவரி கடைசி வரைக்கும் அசையாது என்று அவளுக்குத் தெரியாதா? கையுறையை மாட்டிக்கொண்டாள். "சரி, பசை காய்ற விஷயத்துல நான் என்னத்தக் கண்டேன்? நீங்க சொன்னா சரி," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றே ஒட்டினார். மறுநாள் தந்தி ஏற்றி, தந்திகளைத் தாங்கும் குதிரைக் கட்டையை நிறுத்தினார். நேவியோவையும் டெல்ஃபினாவையும் கூப்பிட்டார். ஓய்வு பெற்ற பிறகு அவளுடைய வாய்க்கு மட்டும் ஓய்வு இல்லை. வந்ததும் அடுப்பு சரியாக எரியவில்லை என்றாள், நாற்காலி உயரம் என்றாள், பிறகு வயலினைத் தாடைக்குக் கீழே வைத்து வில்லை இழுத்தாள்.

அலமாரிக்குள் யாரையோ வைத்துப் பூட்டின மாதிரி ஒரு சத்தம் வந்தது. மேல் தந்தி கிறீச்சிட்டது. கீழ்த் தந்தி தொண்டை கட்டிக்கொண்டு முனகியது. அவள் ஒரு பாட்டை ஆரம்பித்து, நடுவில் நிறுத்தி, வயலினை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒரெஸ்தே, உங்ககிட்ட நான் பொய் சொல்லமாட்டேன். இது வயலின் இல்ல, விறகு."

ஒரெஸ்தே நேவியோவைப் பார்த்தார். கிண்டல் வரும் என்று எதிர்பார்த்தார், வந்திருந்தால் பதிலுக்குத் திட்டிவிட்டு மனசு ஆறியிருக்கலாம். நேவியோ மேஜைக்குக் குனிந்துகொண்டார். ரொட்டியைப் பிட்டுப் பிட்டு மேஜையில் வைத்துக்கொண்டே இருந்தார், ஒரு துண்டும் வாய்க்குப் போகவில்லை. அந்த மரியாதைதான் ஒரெஸ்தேயைக் கொன்றது.

இத்தனை வருஷம் அவர் நினைத்துக்கொண்டிருந்தது, நல்ல வயலின் ஒன்று வாயடைத்துக் கிடக்கிறது என்று. அது நல்ல வயலினே இல்லை என்றால்? அந்த அரை மணி நேரக் கைதட்டல் ஏதோ ஒரு மாலையின் மயக்கம் என்றால்? அவர் செய்த மற்றவை எல்லாம் எங்கெங்கோ யார் யார் கையிலோ இருந்தன. இது ஒன்றைத்தான் அவர் தன் கையெழுத்து என்று நம்பியிருந்தார்.

"இவ்வளவு வருஷம் வாயத் தொறக்காதவன எந்திரிச்சு ஓப்பெராப் பாட்டு பாடுன்னா எப்படிப் பாடுவான்?" என்றாள் டெல்ஃபினா, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு. அவளுக்கும் கல்நெஞ்சு இல்லை. "தினம் காலையில வர்றேன். மத்தியானம் வரைக்கும் வாசிக்கிறேன். பாட்டெல்லாம் கெடயாது, வெறும் நீள ஸ்வரம். நீங்க ரெண்டு பேரும் உள்ள வரக்கூடாது. உங்க மூஞ்சியப் பாத்தா எனக்கு வாசிக்க வராது."

"அப்ப எம்புள்ள?" என்றார் நேவியோ. "நீங்க இதக் கட்டிக்கிட்டு இருந்தா அது உங்க வீட்டுல பட்டினி கெடக்குமே?"

"நீங்களே வந்து வாசிங்களேன். கை இருக்கில்ல?"

நேவியோவுக்கு வயலின் செய்யத் தெரியும், வாசிப்பதென்றால் போல்கா நடன மெட்டு ஒன்றே ஒன்று தெரியும். மறுநாளிலிருந்து டெல்ஃபினாவின் வீட்டில் அந்த ஒரே போல்கா காலை முழுவதும் கேட்டது. மாடி வீட்டுக்காரி இரண்டு தடவை இறங்கி வந்து, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

ஒரெஸ்தே தன் பட்டறையிலிருந்தே துரத்தப்பட்டார். சமையலறையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்தார். சுவருக்கு அந்தப் பக்கம் அந்த முனகல் காலையில் ஆரம்பித்து மதியம் வரை போனது. ஒரு வாரம் போனது, இன்னொரு வாரமும் போனது. டெல்ஃபினா மதியம் வெளியே வந்து கோட்டை மாட்டிக்கொள்ளும்போது அவர் கேட்கவும் மாட்டார், அவள் சொல்லவும் மாட்டாள். சூப்பை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போவாள்.

அன்றைக்கு அவர் ரொட்டி வாங்கப் போயிருந்தார். திரும்பி வந்து படியேறும்போது கீழ்த் தந்தியின் ஸ்வரம் ஒன்று இறங்கி வந்து அவரைப் பாதிப் படியில் நிறுத்தியது. பழுத்த, ஆழமான குரல். நடு வயதைத் தாண்டிய பெண் ஒருத்தி அவசரமில்லாமல் பேசுவதுபோல இருந்தது. ஒரெஸ்தேக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த அம்மாளுக்கு அலுத்துவிட்டது, தன் வயலினைக் கொண்டுவந்து வாசிக்க ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்தார். தடையை மீறிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

"ஏங்க, முடியலன்னா முடியலன்னு சொல்லியிருக்கலாமே! நேவியோ வயலின இங்க கொண்டாந்து வாசிச்சு யார ஏமாத்துறீங்க?"

டெல்ஃபினா வில்லை நிறுத்தவில்லை. அவள் தாடைக்குக் கீழே இருந்தது சிவப்பு வார்னிஷ். நேவியோவினுடையது மஞ்சள். சிவப்பு அவருடையது.

தான் பெற்றதன் குரலை அவருக்கே அடையாளம் தெரியவில்லை. கேட்டதே இல்லாத குரலை எப்படித் தெரியும்? அவர் ரொட்டியை அணைத்துக்கொண்டு மரக்கட்டை அடுக்கின் மேல் உட்கார்ந்து அழுதார். நன்றாக, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதார். ஆயுசு முழுக்க ஆசைப்பட்டது கிடைத்தால் மனுஷன் வேறென்ன செய்வான்? டெல்ஃபினா அவரை முறைத்துவிட்டு, நீள ஸ்வரங்களை விட்டுவிட்டு, அன்றைக்கு முதல் முறையாக ஒரு பாட்டை முழுசாக வாசித்தாள்.

மறுநாள் நேவியோவை வரவழைத்தார்கள். ஒரே மரத்தின் இரண்டு பாதிகளையும் டெல்ஃபினா மாற்றி மாற்றி வாசித்தாள். முடிந்ததும் நேவியோ வெகுநேரம் காதைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"அன்னிக்கு நடுவருங்க சரியாத்தான்டா சொல்லியிருக்காங்க," என்றார்.

"ஒனக்குக் காது போச்சு. உன்னோடதுல மேல் தந்தியக் கேட்டியா? என்னோடது அதுக்குப் பக்கத்துல நிக்க முடியாது. உன்னோடதுதான் நல்லாருக்கு."

"இப்ப எனக்குப் பிச்சை போடுறியா நீ?"

"உள்ளதச் சொன்னா பிச்சையா?"

"உன்னோடதுதான் ஒசத்தின்னு நான் சொல்றேன், ஒத்துக்கயேன்டா மடையா!"

ஆயுள் முழுக்கத் தன்னுடையதுதான் உசத்தி என்று சண்டை போட்டவர்கள், அன்றைக்கு இப்படிச் சண்டை போட்டுக்கொண்டு ஒரு பாட்டில் ஒயினைக் காலி செய்தார்கள். டெல்ஃபினா இரண்டு பேரையும் முட்டாள்கள் என்றாள்.

பிறகு ஒரு காலையில் எதிர்வீட்டின் பச்சை ஜன்னல் கதவுகள் தெரிந்தன. பத்து மணிக்கெல்லாம் மணிக்கூண்டின் உச்சி வரைக்கும் வெயில் அடித்தது. மிரெல்லாவின் போன் மதியம் வந்தது. அவள் வேறெதுவும் கேட்கவில்லை. "பனி விலகிடுச்சு மாஸ்டர்," என்றாள்.

"இன்னும் காயலன்னு சொல்லியிருக்கலாமே," என்றார் நேவியோ.

"அவ எனக்காக ஒரு தடவ கண்ண மூடிக்கிட்டா. ரெண்டாவது தடவ கேட்டா அவ வேலைக்கு ஒல வச்ச மாதிரி ஆகும். நகரம் வாங்கின பொருள்டா. நாளைக்குக் குடுத்துர்றேன்னு சொல்லிட்டேன்."

"உள்ள போனா மறுபடி தூங்கிருவானே?"

ஒரெஸ்தே அடுப்பில் வஜ்ஜிரச் சட்டியை வைத்தார். மெல்லிய கத்தியைச் சூடாக்கி, தானே ஒட்டிய ஒட்டுக்குள் நுழைத்து, அரை சாண் நீளத்துக்குத் திறந்தார். அப்புறம் சட்டியில் தண்ணீரை ஊற்றினார். கலக்கிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

நேவியோ எழுந்து வந்து சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "டேய், தண்ணி ஜாஸ்தி."

"தெரியும்."

"இது பசையே இல்லடா, சூப்பு. அடுத்த குளிருக்கு ஹீட்டரப் போட்ட உடனே விட்டுரும்."

"விடட்டும். விட்டா வெளிய எடுத்துத்தான ஆகணும். ஒட்டினா வாசிச்சுத்தான பாக்கணும்."

நேவியோவுக்குப் புரிந்தது. புரிந்ததும் முகம் சுருங்கியது. "உம்பேரு என்னாகும்னு யோசிச்சியா? ஒனக்கப்பறம் எவனாவது சின்னப்பய அத எடுத்துப் பாப்பான். ஒரெஸ்தே கிழவன் கடைசில தண்ணிக்காரனாப் போயிட்டான்னு ஊரெல்லாம் சொல்லுவான். இத்தன வருஷத்துல உன் ஒட்டு ஒண்ணுகூட..." அவரால் முடிக்க முடியவில்லை.

"சொல்லட்டும்டா," என்றார் ஒரெஸ்தே. "எனக்குப் பேரு வந்து அதுக்கு வாயடைச்சுது. இப்ப அதுக்கு வாய் வரட்டும், எம்பேரு போனாப் போகுது."

சொல்வது சுலபம். தூரிகையை இரண்டு தடவை சட்டியில் முக்கி, இரண்டு தடவையும் வழித்துவிட்டார். வாழ்நாளில் முதல் தடவையாகக் கெட்ட வேலை செய்கிறார், அதுவும் தெரிந்தே, தன் மிகச்சிறந்த வயலினில். ஒட்டி இறுக்கிய பிறகு கையைக் கழுவப் போய் வெகுநேரம் கழித்துத்தான் திரும்பி வந்தார்.

மறுநாள் கூடத்தின் மாடியில் மிரெல்லா வயலினை வாங்கி மேஜையில் வைத்தாள். ஓரம் முழுக்க விரல் மடக்கால் தட்டிக்கொண்டே வந்தாள். ஒட்டு நன்றாக இருந்தால் டக் டக் என்று ஒரே மாதிரி கேட்கும். கீழே, இடது பக்கம் வந்ததும் சத்தம் மந்தமானது. நிறுத்தினாள். மறுபடி தட்டினாள். அவளும் அந்தத் தெருவில் வளர்ந்தவள்தானே. குனிந்து முகர்ந்தும் பார்த்தாள்.

"மாஸ்டர், இந்த எடம்..."

"ஆமாம்மா."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

"அடுத்த குளிருக்கே தொறந்துருமே."

"தொறக்கும். நீ என்ன எழுதணுமோ எழுதிக்க. வேல சரியில்லன்னு எழுதினாலும் எனக்கு வருத்தமில்ல, உண்மை அதுதானே."

மிரெல்லா அந்த இடத்தை விரலால் ஒரு தடவை தடவினாள். "அப்ப தொறந்தா உங்களக் கூப்பிடணும்," என்றாள்.

"அப்ப நான் இருக்கமாட்டேன்மா. கீழ வாசல்ல நேவியோ சைக்கிளப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான் பாரு, அவனக் கூப்பிடு. அவனும் போயிட்டா, பசையில தண்ணி ஊத்துற துணிச்சல் இருக்கற எவனா இருந்தாலும் கூப்பிடு."

அவள் வயலினைக் கண்ணாடிக்குள் வைத்தாள், பூட்டினாள், சாவியைப் பைக்குள் போட்டாள். ஒரெஸ்தே தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு படிப்பக்கம் திரும்பினார்.

"மாஸ்டர்," என்று பின்னாலிருந்து கூப்பிட்டாள் மிரெல்லா. "வழக்கமா நவம்பர்லதான் ஹீட்டரப் போடுவோம். இந்த வருஷம் செப்டம்பர்லயே போடச் சொல்றேன். அதுவரைக்குமாவது இருப்பீங்கல்ல?"